பண்பாடும் கலாசாரமும்: ‘கல்ச்சர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் ஆட்சியும்

மொழிபெயர்ப்பிலே மாணாக்கரை மிகுதியும் இடர்ப்படுத்துவன அருஞ்சொற்களே என்பது பலர் கருத்து. உண்மை அதற்கு மாறானது. அருஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே உண்டு. அகராதியைப் புரட்டினால் அது கைக்கு வந்துவிடும். நாள்தோறும் நாவிலும் பத்திரிகையிலும் புழங்குகின்ற எளிய சொல்லோ பல பொருளைத் தன்னகத்தே அடக்கி நின்று, படிப்பவரையும் பெயர்ப்பவரையும் ஒருங்கே மயக்கவல்லது. ஆங்கிலத்தில் ‘கல்ச்சர்’ என வழங்குஞ் சொல் அவ்வகையினது. அம்மொழியின் மிகச் சிக்கலான இரண்டு மூன்று சொற்களுள் இஃதொன்று என்பது, 1976ஆம் ஆண்டில் வெளிவந்த சொல்லாராய்ச்சி நூலொன்றிலே றேமண்ட் வில்லியம்ஸ் என்னும் திறனாய்வாளர் கண்ட முடிபு. அதற்கு முன்னரே, 1952ஆம் ஆண்டில், குரோபர், குளுக்ஹோன் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் இருவர் இவ்வொரு சொல்லுக்கு அறிஞர் வகுத்த வரைவிலக்கணங்களைத் தொகுத்தபோது அவை 164 ஆயின.

இச்சொல்லைத் தமிழர் பண்பாடு எனவும், கலாசாரம் எனவும், சிற்சில இடங்களில் நாகரிகம் எனவும் பெயர்த்து வழங்குகின்றனர். இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழிகள் என்றும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதால் வருங் கேடு யாதுமில்லை என்றும் எண்ணுவோர் பலர். வடசொல்லை விலக்க விரும்புவோர் பண்பாடு என்பர். அவ்விருப்பம் இல்லாதோர் கலாசாரம் என்பர். வேறுபாடு அவ்வளவே என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதும், பொருந்தாதாயின் அதனால் விளையுந் தீங்கு சொல்லளவில் நிற்குமா, வாழ்க்கையையுந் தொடுமா என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

சொல்லின் பிறப்பு

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ள ‘கொலெரே’ என்னும் வினையாகும். அவ்வினைக்கு உழுதல், ஓரிடத்தில் உறைதல், பேணுதல், வழிபடுதல் எனப் பல பொருளுண்டு. குடியேற்றத்தைக் குறிக்கும் ‘கொலொனி’யும், வழிபாட்டைக் குறிக்கும் ‘கல்ற்’றும், உழவுத் தொழிலைக் குறிக்கும் ‘அக்கிறிக்கல்ச்ச’ரும் அவ்வொரு வேரினின்றுங் கிளைத்தவை. எனவே, ‘கல்ச்சர்’ என்பதன் முதற்பொருள் நிலத்தைக் கொத்திக் களைந்து பயன்படச் செய்தல் என்பதே. ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டளவில் அச்சொல் புகுந்தபோதும் அப்பொருளிலேயே ஆளப்பட்டது.

உழவுப் பொருளை உள்ளத்துக்கு ஏற்றியவர் உரோமப் பேச்சாளராகிய சிசரோ. வளமான நிலமும் உழாது விடப்பட்டால் விளைவு தராது. அவ்வாறே இயற்கையறிவும் கல்வியின்றிப் பயன்படாது. மெய்யியலே உள்ளத்தின் உழவு என்பது கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் அவர் எடுத்துக்காட்டிய கருத்து. 16ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கில நூலாசிரியரும் இவ்வுவமையைக் கைக்கொண்டனர். அந்நாளில் ‘கல்ச்சர்’ என்பது ஒரு தொழிற்பெயராகவே நின்றமை நினைவிற் கொள்ளத்தக்கது. நிலத்தைப் பண்படுத்தல், மனத்தைப் பண்படுத்தல் என்றாற்போல, எதனைப் பண்படுத்தல் என்ற வினாவுக்கு விடை அருகில் நின்றாலன்றி அச்சொல் தனித்துப் பொருள் பயவாது. தொழிலைக் குறித்த சொல் பின்னர் தொழிலின் பயனைக் குறித்தது; 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் தனித்து நின்று ஒரு பொருளின் பெயராயிற்று. செருமானிய அறிஞரான ஹேர்டர், ஒவ்வொரு மக்கட் கூட்டத்துக்கும் அதற்குரிய தனிவளர்ச்சி உண்டு என்று வற்புறுத்தியதன்மூலம், அச்சொல்லைப் பன்மையில் வழங்குதற்கும் வழிகோலினார்.

ஈராண்டில் ஈர்நூல்

தொழிலினின்றும் பொருளாக மாறிய சொல் இரு கிளையாகப் பிரிந்தது. அப்பிரிவினைக் காட்டும் ஆங்கில நூல்கள் இரண்டும் ஈராண்டு இடைவெளியில் வெளிவந்தமை வியத்தற்குரியது.

மாத்தியு ஆர்னல்ட் 1869ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் ‘கல்ச்சர்’ என்பது முழுநிறைவை நாடும் முயற்சி. உலகிலே சிந்திக்கப்பட்டவற்றுட் சிறந்தவற்றை அறிந்து, அவற்றின் துணைகொண்டு தன் பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்திக்கொள்ளுதல் அதன் இலக்கணம். இப்பொருளில் அஃதோர் அளவுகோல். ஒருவனிடம் அஃதிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செல்வமும் அதிகாரமும் உடையான் ஒருவன் அஃதில்லாதவனாய் இருத்தலுங் கூடும்.

எட்வேட் டைலர் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட மானிடவியல் நூலிலோ அச்சொல் வேறொரு பொருள் பூண்டது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என, சமுதாயத்தின் உறுப்பினன் என்னும் முறையில் மனிதன் பெற்றுக்கொள்ளும் யாவும் சேர்ந்த தொகுதியே டைலரின் ‘கல்ச்சர்’. இங்கே அச்சொல் அளவுகோலன்று, ஒரு பட்டியல். நல்லதுந் தீயதும், உயர்ந்ததுந் தாழ்ந்ததும் அப்பட்டியலில் ஒருங்கே இடம்பெறும். அஃதில்லாத மக்கட் கூட்டம் உலகில் இல்லை. வேடர்க்கும் அஃதுண்டு, இலண்டன் மாநகரத்தார்க்கும் அஃதுண்டு.

கவிஞர் ரி. எஸ். எலியற் 1948ஆம் ஆண்டில் இச்சொல்லின் வரைவிலக்கணம் நோக்கி ஒரு சிறுநூல் எழுதினார். ஆங்கிலேயரின் ‘கல்ச்சர்’ யாதென எடுத்துரைக்குமிடத்து, பழைய தேவாலயங்களோடும் இசையோடும் நாயோட்டப் பந்தயத்தையும் அவித்த கோவாவையும் அவர் சேர்த்தெண்ணினார். ஆர்னல்டின் அளவுகோலைப் பேண விரும்பிய ஒருவரே டைலரின் பட்டியலையும் விடமுடியாது நின்றார் என்பது அந்நூலாற் புலப்படும்.

இவ்விரு பொருளையும் மருதனார்மடத்திலே ஒருசேரக் காணலாம். காங்கேசன்துறை வீதியை அடுத்து, 1913ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண் கல்விக்கென நிறுவிய கல்லூரி உளது. அதனை அணித்தாக எழுந்த நுண்கலைக் கழகம் 1975ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, இன்று இசையும் நடனமும் ஓவியமும் பயிற்றும் பீடமாய் விளங்குகின்றது. அதே ஊரின் சந்தையிலே, சுற்றுவட்டாரத்துச் செம்பாட்டு மண்ணில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் குவிகின்றன. ‘கல்ச்சர்’ எங்குளது என வினவினால், பெரும்பாலோர் வீணை ஒலிக்கும் இடத்தையே காட்டுவர். ஆனால், டைலரின் பொருளிற் சந்தையும் அதிலடங்கும். சொல்லின் முதற்பொருளை நோக்கினாலோ, சந்தைக்கு விளைபொருளை அனுப்பிய தோட்டத்துக்கே முதலுரிமை உண்டு.

அறிவியலில் ஆட்சி

அறிவியலார் உழவுப் பொருளைக் கைவிடாது காத்தனர். தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு, மீன் வளர்ப்பு முதலியவற்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்கள் யாவும் ‘கல்ச்சர்’ என்றே முடிவன. றொபேட் கொக் என்னும் செருமானிய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய்க்கிருமியைத் தனித்துப் பிரித்து ஊட்டப் பொருளின்மீது வளரச் செய்த முறைக்கும் அப்பெயரே வழங்கிற்று. வைத்தியசாலையில் நோயாளியின் சிறுநீரைக் ‘கல்ச்சரு’க்கு அனுப்புதல் என்பது இதன் வழிவந்த வழக்காகும். நீர்வேலி முதலிய இடங்களிலே நன்கறியப்பட்ட வாழைப் பயிர்ச்செய்கைக்கு இன்று துணைசெய்யும் இழைய வளர்ப்பும் இவ்வினத்தது. சிப்பியினுள்ளே ஒரு சிறு பொருளைப் புகுத்தி மனிதன் முயன்று பெறும் முத்தினை ஆங்கிலேயர் ‘கல்ச்சர்’ செய்யப்பட்ட முத்து என்பர். தமிழில் அது வளர்ப்பு முத்து.

இவ்விடங்களிலெல்லாம் இலங்கைத் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தார் வளர்ப்பு என்னும் எளிய சொல்லைக் கொண்டமை பாராட்டற்குரியது. கிருமிக் கலாசாரம் என்றோ முத்துப் பண்பாடு என்றோ எழுத எவரும் துணியார். பொருளை நோக்கிப் பெயர்த்தால் இடர்ப்பாடு இல்லை என்பதற்கு இது சான்று. மொழிபெயர்ப்பாளர் அறிவியலிற் காட்டிய இவ்விழிப்பு சமுதாய வழக்கிலே காட்டப்படாமையே குறை.

தமிழ்ச் சொற்களின் தகுதி

‘கல்ச்சர்’ என்பதற்கு நேராகப் பண்பாடு என்னும் சொல்லை 1937ஆம் ஆண்டளவில் வழக்குக்குக் கொணர்ந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பது பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை தருஞ் செய்தி. இன்று பண்டைக்காலந் தொட்டு வழங்கிய சொற்போலத் தோன்றும் இது, இப்பொருளில் ஒரு நூற்றாண்டு வயதுகூட நிரம்பாதது. எனினும் அதன் பகுதிகள் பழையன. பண்பு என்பது இயல்பு, குணம் என்னும் பொருளில் தொல்காப்பியத்திலேயே உண்டு. திருக்குறளின் நூறாவது அதிகாரம் பண்புடைமை. பண்படுத்தல் என்பதோ உழவர் சொல். நிலத்தைக் கொத்திப் புரட்டி விதைப்புக்கு ஏற்றதாக்குதல் அதன் பொருள்.

இலத்தீன் மொழியில் உழவும் உள்ளச் செம்மையும் ஒரு வேரில் நின்றவாறே தமிழிலும் ஒரு வேரில் நிற்கின்றன என்பது இதனாற் பெறப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இவ்வொப்புமை நூலறிவால் உணரவேண்டியதன்று. இங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற்பாறையின்மேல் மண் படிந்த நிலத்திலே, கல்லைப் பெயர்த்து, கிணறு வெட்டி, துலாவினால் நீரிறைத்து, பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்து, எருவிட்டுத் தலைமுறை தலைமுறையாகத் திருத்தியதாலேயே அது தோட்டமாயிற்று. தோட்டம் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து என்று கைகட்டி இருந்தால், இரண்டு போகத்துள் அது பற்றைக்காடாகிவிடும். பெற்றதனால் மட்டும் அது தோட்டமாகாது. ஆண்டுதோறும் கொத்துவதாலேயே தோட்டமாக நிலைபெறுகின்றது. பண்பாடு என்னும் சொல்லுள்ளே பொதிந்து கிடப்பது இக்கருத்தேயாகும்.

வங்காளத்தார் செய்தது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. அங்கும் ‘கல்ச்ச’ருக்கு நேராக, உழுதலைக் குறிக்கும் வேரினின்றும் ‘கிருஷ்டி’ என்னுஞ் சொல் ஆக்கப்பட்டது. கவியரசர் இரவீந்திரநாத தாகூருக்கு அச்சொல் உவப்பாயில்லை. உழவு நாற்றம் வீசுஞ் சொல்லை விட்டு, செம்மைப்படுத்தல் என்னும் பொருள்பட ‘சம்ஸ்கிருதி’ என்பதனையே அவர் விரும்பினார். பின்னையதே அங்கு நிலைத்தது. இந்தியிலும் சிங்களத்திலும் வழங்குவன அதற்கு இனமான சொற்களே. தாகூர் விலக்கிய உழவைத் தமிழ் விலக்கவில்லை. உழவும் பண்பும் ஒருங்கே ஒலிக்கும் சொல்லொன்று தமிழுக்கு வாய்த்தது.

கலாசாரம் என்பது கலை, ஆசாரம் என்னும் இரண்டன் சேர்க்கை. ஆசாரம் என்பதற்கு ஒழுக்கம், வழக்கு, மரபாக வந்த நடை என்பன பொருள். திருவிழா அறிவித்தல்களிலே அடியார்களை ஆசாரசீலராய் வருமாறு வேண்டுதல் இங்கு வழக்கம். அவ்விடத்து அச்சொல் குளித்துத் தோய்த்துலர்ந்த ஆடை உடுத்து விதிப்படி வருதலையே குறிக்கும். மனத்தைத் திருத்துதலைக் குறியாது. ஆகவே, கலாசாரம் என்றதும் ஒருபுறம் இசையும் நடனமும், மறுபுறம் உடையும் சடங்கும் நினைவுக்கு வருதல் இயல்பே. இஃது அச்சொல்லின் குற்றமன்று. அதன் தகுதி அதுவே. ஒரு மக்கட் கூட்டத்தின் கலைகளையும் வழக்கங்களையும் தொகுத்துரைக்க அது பொருத்தமான சொல்.

நாகரிகம் இவ்விரண்டினும் பழைய வழக்குடையது. திருக்குறளிற் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் அது பயில்கின்றது. அங்கு அது கண்ணோட்டத்தையே குறித்தது என்பது பரிமேலழகர் உரையால் விளங்கும். இக்காலத்தில் நகர வாழ்வு, எழுத்து, பெருங்கட்டடங்கள் முதலியவற்றையுடைய வளர்ச்சி நிலையையும், பேச்சுவழக்கிலே புதுப்பாணி உடையையும் அது குறிக்கின்றது. அயலார் துன்பங் கண்டு இரங்குதலைக் குறித்த சொல் புதுமாதிரிச் சட்டையைக் குறிக்கலாயிற்று. பொருள் இவ்வாறு இறங்குமென்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வழக்கிற் காணப்படும் மயக்கம்

பொது வழக்கிலே இச்சொற்கள் வரையறையின்றி ஆளப்படுகின்றன. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தையொட்டித் தோன்றிய அமைச்சுத் தமிழில் கலாசார அமைச்சு எனப்பட்டது. அதற்கு முன், 1952ஆம் ஆண்டில், தனிநாயகம் அடிகள் தொடங்கிய ஆங்கில ஆய்விதழின் பெயரைத் தமிழிற் கூறுவோர் தமிழ்ப் பண்பாடு என்றனர். இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் தான் வெளியிட்ட ஆய்விதழுக்குச் சூட்டிய பெயரோ பண்பாடு. இந்தியாவின் நன்கொடையால் யாழ்ப்பாண நகரில் எழுந்து 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்ட கட்டடம் கலாசார மையம் எனப்பட்டது. 2025ஆம் ஆண்டு சனவரியில் அதனோடு திருவள்ளுவரின் பெயர் சேர்க்கப்பட்டது. பண்புடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவரின் பெயரும் கலாசாரம் என்னுஞ் சொல்லும் அங்கே அருகருகே நிற்கின்றன.

தொல்லியலார் வழக்கு இன்னொரு வகையினது. கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களையும் ஈமச் சின்னங்களையும் கொண்டு, பெருங்கற்காலப் பண்பாடு இக்குடாநாட்டில் நிலவியது என்று அவர் கூறுவர். அங்கே பண்பாடு என்பது ஒருவகைப் பொருட்களின் தொகுதி. அப்பானைகளை வனைந்தவர் இனியவரா கொடியவரா என்பது பற்றி அச்சொல் ஒன்றும் சொல்லாது. ஆதலால், பண்பாடு என்றும் ஆர்னல்டின் பொருளையே தரும், கலாசாரம் என்றும் டைலரின் பொருளையே தரும் என்று கோடு கிழித்துவிடுதலும் இயலாது. சொல்லின் பிறப்பு அதன் பொருளுக்கு வழிகாட்டுமேயன்றி விலங்கிடாது. இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

இம்மயக்கம் பெயர்ப்பலகையளவில் நின்றுவிடுமாயின் பெரிதும் வருந்தவேண்டுவதில்லை. மயக்கம் தீர்ப்பாக மாறும்போதே தீங்கு தொடங்குகின்றது. கலாசாரச் சீரழிவு என்னுந் தொடர் இக்குடாநாட்டு மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் அடிக்கடி காணப்படுவது. பெண்பிள்ளைகளின் உடை, இளைஞரின் தலைமயிர், திருமண வீட்டு ஆரவாரம் என்பனவற்றைச் சுட்டியே அது பெரிதும் ஆளப்படுகின்றது. இத்தொடரைச் சிறிது ஆராய்தல் தகும். கலாசாரம் என்பது மக்கள் வாழும் முறைகளின் தொகுதி எனில், முறை மாறும்போது தொகுதி மாறுமேயன்றிச் சீரழியாது. வேட்டிக்குப் பதில் காற்சட்டை வந்தபோதும், துலாவுக்குப் பதில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோதும் நிகழ்ந்தது மாற்றமே. அன்றிக் கலாசாரம் என்பது செம்மையின் அளவுகோல் எனில், அவ்வளவுகோல் உடையோடு நின்றுவிடல் தகாது. சீதனம் பேசி விலை கூறுதல், முதியோரைத் தனியே விடுதல், ஏழைக்கு ஒரு நீதியும் செல்வர்க்கு ஒரு நீதியும் வழங்குதல் ஆகியவற்றையும் அதே கோலால் அளத்தல் வேண்டும். பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து, அளவுகோலின் கடுமையை அதன்மீது மட்டும் ஏற்றுதல் தருக்கநெறிக்கு ஒவ்வாதது.

இதன் மறுதலையும் உண்டு. எம்மவர் கலாசாரம் உயர்ந்தது என்னும் பெருமிதத்தில், எல்லா மக்களுக்கும் ஒரு வாழ்க்கை முறை உண்டு என்னும் எளிய உண்மையும், எமது முறை திருத்தமுற்றது என்னும் பெரிய உரிமையும் ஒரு சொல்லின் மறைவிலே ஒன்றாகின்றன. முன்னையதற்குச் சான்று வேண்டுவதில்லை. பின்னையதற்கோ நாள்தோறும் சான்று காட்டவேண்டும்.

தேசவழமையின் படிப்பினை

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வரலாற்றுச் சான்று யாழ்ப்பாணத்திலேயே உண்டு. டைலர் தம் நூலை எழுதுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், 1707ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த ஆட்சியின் ஏவலால் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தெழுதினார். அதுவே தேசவழமை. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்பனவற்றோடு அடிமைகள் பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றன. உள்ளதை உள்ளவாறு எழுதும் பட்டியலாதலின் அவையும் அதில் இருந்தன. வழக்கம் என்னும் அளவில் அடிமைமுறை அந்நாளைய வாழ்க்கை முறையின் ஓர் உறுப்பே. ஆயினும், 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது, அவ்விதிகள் வலுவிழந்தன. சொத்துரிமை பற்றிய பகுதிகள் திருத்தங்களோடு இன்றும் நிலவுகின்றன. ஒரு வழமையின் ஒரு பகுதி களையாகக் களையப்பட்டது. மற்றொரு பகுதி பேணப்பட்டது. எதனைக் களைவது எதனைப் பேணுவது என்னும் முடிபைப் பட்டியல் தரமாட்டாது. அளவுகோலே தரவல்லது.

சாதியின் பெயரால் ஒரு சாராரைக் கோயிலினுள்ளும் தேநீர்க்கடையினுள்ளும் புகவிடாது தடுத்தமையும் இவ்வாறே நோக்கத்தக்கது. அத்தடையைக் காத்தவர்கள் அதனைக் கொடுமை என்று கூறிக் காக்கவில்லை. ஆசாரம் என்றும் மரபு என்றும் கூறியே காத்தனர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தடை முற்றாக நீங்கவில்லை. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழவேண்டியதாயிற்று. கலாசாரம் என்பதற்கு மரபாக வந்த நடை என்பதே முழுப்பொருள் எனக் கொள்வோமாயின், வாயிலை அடைத்தவரே கலாசாரக் காவலர் ஆவர். உள்ளே புக முயன்றவர் அதனைக் கெடுத்தவர் ஆவர். பண்பாடு என்பதன் உழவுப் பொருளைக் கொண்டாலோ முடிபு தலைகீழாகும். நூற்றாண்டுகளாக வேரூன்றிய களையாயினும் களை களையே. அதனைப் பிடுங்கியவரே நிலத்தைப் பண்படுத்தியவர்.

ஒரு சொல்லுக்கு எப்பொருளைக் கொள்வது என்பது இலக்கணப் புலவரின் ஓய்வுநேர ஆராய்ச்சி மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதும் சிலவேளை சொல்லின் பொருளைப் பற்றி நிற்கின்றது.

எனினும், ஆர்னல்டை ஏற்று டைலரைத் தள்ளுதலும் முறையாகாது. ஐரோப்பியர் தம் வாழ்க்கை முறையையே அளவுகோலாகக் கொண்டு ஆசியரையும் ஆபிரிக்கரையும் ‘கல்ச்சர்’ அற்றவர் என இகழ்ந்த காலமொன்று இருந்தது. எல்லா மக்கட் கூட்டத்தார்க்கும் அஃதுண்டு என்னும் மானிடவியற் கொள்கை, டைலரின் பின்வந்தோரால் வளர்க்கப்பட்டு, அவ்விறுமாப்பை அடக்கப் பெரிதும் உதவிற்று. பிறர் வாழ்வை நோக்கும்போது பட்டியலின் பரந்த மனப்பான்மை வேண்டற்பாலது. தம் வாழ்வை நோக்கும்போது அளவுகோலின் கண்டிப்பு வேண்டற்பாலது. நடைமுறையிலோ இது பெரும்பாலும் மாறிவிடுகின்றது. பிறர் வழக்கத்தின்மீது அளவுகோலை வைப்பவர், தம் வழக்கத்துக்குப் பட்டியலைக் காட்டி அமைகின்றனர்.

பெயர்ப்போர் கொள்ளவேண்டிய நெறி

ஆங்கிலக் கட்டுரையொன்றைத் தமிழாக்கும் மாணாக்கன் ‘கல்ச்சர்’ என்னுஞ் சொல்லை எதிர்ப்படும்போது, முதலில் அகராதியை நோக்காது வாக்கியத்தை நோக்குதல் நன்று. அச்சொல் தொழிலைக் குறிக்கின்றதா, தகுதியைக் குறிக்கின்றதா, தொகுதியைக் குறிக்கின்றதா என்னும் மூன்று வினாக்களுள் ஒன்றுக்கு விடை கிடைக்கும். தொழிலாயின் வளர்ப்பு, பயிற்சி, செய்கை என்பனவற்றுள் ஏற்றது கொள்க. ‘பிசிக்கல் கல்ச்சர்’ உடற்பயிற்சியேயன்றி உடற்பண்பாடு ஆகாது. தகுதியாயின், ‘கல்ச்சர்’ உடைய ஒருவரைப் பண்பட்டவர் என்க. கலாசாரமுடையவர் என்றால் பொருள் திரிந்துவிடும். தொகுதியாயின் கலாசாரம் என்றோ வாழ்க்கை முறை என்றோ துறை வழக்கு நோக்கிப் பண்பாடு என்றோ பெயர்க்கலாம். சீனத்தின் 1966ஆம் ஆண்டு இயக்கத்தைக் கலாசாரப் புரட்சி என்பதே வழக்கு. அதனை இன்று மாற்ற முயல்வது பயனற்றது.

வாசிப்போனுக்கும் இவ்விழிப்பு வேண்டும். மேடையிலே ஒருவர் கலாசாரத்தைக் காப்போம் என முழங்கும்போது, அவர் காக்கக் கருதுவது கலையையா, நல்லொழுக்கத்தையா, பழைய வழக்கத்தையா என்று உள்ளத்துள் வினவுதல் தக்கது. அவ்வினாவுக்கு விடை கூறமாட்டாத பேச்சு எத்துணை இனியதாயினும் வெறும் ஒலியே.

வேளாண்மை என்னுந் தமிழ்ச் சொல்லை ஈற்றிலே நினைவுகூர்தல் பொருத்தமாகும். பயிர்த்தொழிலை உணர்த்தும் அச்சொல் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் வந்துளது. அங்கு உபகாரம் என்பதே அதற்குப் பரிமேலழகர் கண்ட பொருள். மண்ணைத் திருத்தி விளைவிப்பதும், விளைந்ததை வந்தவர்க்கு ஈவதும் ஒரு சொல்லுள் அடங்கின. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுதற்கென அறவோர் அமைத்த மடங்களைத் தம் பெயரிலே தாங்கி நிற்கும் ஊர்கள் இக்குடாநாட்டிற் பல. அம்மடங்களை அமைத்தவர் கலாசாரம் என்றோ பண்பாடு என்றோ சொல்லிக்கொண்டவரல்லர். தோட்டத்திற் பண்படுத்திய கை வீதியில் வருவோர்க்குத் தண்ணீர் வார்த்தது. மூன்று சொற்களையும் பிரித்தறிவது கல்வியின் கடன். அவற்றுள் உழவையும் ஈகையையும் உட்கொண்ட சொல்லுக்கு ஏற்ப ஒழுகுவது அக்கல்வியின் பயன்.